கண்டென்சர் எத்தனை மைக்ரோ?

திருத்துறைப்பூண்டியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை ஒன்று. வார்னிஷ் வாசனை, செம்புக் கம்பி உருளைகள், வயிறு பிளந்து கிடக்கும் மோட்டார்கள். சுவரில் பென்சிலால் எழுதிய எண்கள்: எத்தனை ஸ்லாட், எத்தனை சுற்று, எந்த கேஜ் கம்பி. முப்பது வருட அனுபவம் அந்தச் சுவரில் இருக்கிறது. வெள்ளையடிக்க மட்டும் யாரையும் விடமாட்டார்கள்.

அந்தக் கடைக்காரரின் மகன் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்துவிட்டு ஒரு பொறியியல் கல்லூரியில் சேர்ந்தான். மின்சாரம் சம்பந்தப்பட்ட படிப்பு. "மோட்டார் கடைப் புள்ள, இவனுக்கு இது தண்ணி பட்ட பாடு" என்று ஊரில் சொன்னார்கள். முதல் வருட முடிவில் அவன் வாங்கிய ஒரே அரியர் மின்சுற்றுப் பாடத்தில்தான்!

காரணம் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. மின்சுற்றுக் கணக்கு என்றால் அங்கே எண் கணக்கு. 4 ஓம், 3 ஓம், 10 வோல்ட் என்று கேள்வியில் இருக்கும். மூன்று சமன்பாடு எழுதி, டிட்டர்மினன்ட் போட்டு, கடைசியில் 1.37 ஆம்பியர் என்று முடிக்கவேண்டும். நடுவில் ஒரு கூட்டல் குறி கழித்தலாகிவிட்டால் 2.91 வரும். 1.37 சரியா 2.91 சரியா என்று அந்த எண்ணைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. எண்ணுக்கு முகம் கிடையாது.

ஆய்வகத்தில் ஸ்பைஸ் இருந்தது. 1973-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் நேகல் என்ற மாணவரும் அவருடைய பேராசிரியர் டொனால்ட் பெடர்சனும் வெளியிட்ட மென்பொருள். இன்றைக்கும் உலகத்தில் சிப் வடிவமைப்பவர்கள் பாதிப் பேர் அதன் பேரப்பிள்ளைகளைத்தான் ஓட்டிக்கொண்டிருப்பார்கள். சுற்றைக் கொடுத்தால் விடையைத் துல்லியமாகக் கொடுக்கும். அவனுக்கு அது கடவுள் மாதிரி தெரிந்தது. கூட்டல் குறி மாறவே மாறாதே!

வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அது மும்முனை மின்சாரம் நாளைக்கு இத்தனை மணி நேரம் என்று அளந்து வந்த காலம். மீதி நேரம் இரண்டு முனைதான். வீட்டு விளக்கு எரியும், பம்புசெட் ஓடாது. ஆனால் சம்சாரி சும்மா இருப்பாரா? மூன்றாவது முனைக்குப் பதில் ஒரு கண்டென்சரை மாட்டி, இரண்டு முனையிலேயே மோட்டாரை ஓட்டிவிடுவார்கள். மின்வாரியம் கூடாது என்று சொல்லிக்கொண்டே இருந்தது. கடைமடையில் உட்கார்ந்திருப்பவருக்கு அது காதில் ஏறாது. மேட்டூரைத் திறந்து, கல்லணையைத் தாண்டி, மேலே உள்ளவர்களுக்கெல்லாம் போக மிச்சம் முள்ளியாற்றில் வந்து சேரும்வரை நாற்றங்கால் காத்திருக்காது. போர் தண்ணீர் நல்ல தண்ணீராக அமைந்தவர் பாக்கியவான். அவர் ராத்திரி முழுக்க ஓட்டத்தான் செய்வார்.

அப்படி ஒருவர் கடைக்கு வந்தார். 5 குதிரைசக்தி மோட்டார். "எத்தனை மைக்ரோ கண்டென்சர் போடலாம்?" என்று கேட்டார். அப்பா வழக்கமாகக் கைக்கணக்கில் ஒன்றைச் சொல்வார், கூடவே மூன்று எச்சரிக்கையும் சொல்வார். அன்றைக்கு மகன் விடுமுறையில் வந்திருந்தான்.

"நான் கணக்குப் போட்டுத் தர்றேம்ப்பா."

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. படிக்கிற பிள்ளை, அதுவும் வந்த ஆளுக்கு முன்னால்.

அவன் ஒழுங்காகத்தான் செய்தான். பகலில் மும்முனை இருந்தபோது, கடைக்குப் பின்னால் இருந்த தொட்டியில் அந்தப் பம்பை வைத்து ஓட்டினான். டாங் டெஸ்டரில் ஒவ்வொரு ஒயரிலும் 5 ஆம்பியர். மீட்டர் ஓடிய வேகத்தை வைத்துப் பார்த்தால் பவர் பேக்டர் கிட்டத்தட்ட 0.5. இந்த அளவுகளை வைத்து மூன்று வைண்டிங்கையும் மின்தடையும் மின்தூண்டியுமாக ஸ்பைஸில் எழுதினான். கண்டென்சரை 20, 25, 30 என்று ஏற்றிக்கொண்டே போனான். 38-ல் மூன்று வைண்டிங்கிலும் மின்னழுத்தம் அச்சு வார்த்த மாதிரி சமமாக வந்தது. அதிர்ஷ்டம்! கடையில் இருந்தது 40. மாட்டிவிட்டார்கள். கிளம்புவதற்குத் தனியாக ஒரு பெரிய கண்டென்சரும் ஒரு பித்தானும் அப்பா சேர்த்துக் கொடுத்தார்.

நான்காம் நாள் மோட்டார் டயர் வண்டியில் திரும்பி வந்தது. திறந்ததும் வார்னிஷ் கருகிய நாற்றம். காயில் ஒரு பகுதி கரியாக, இன்னொரு பகுதி புத்தம் புதிதாக.

"நாத்தங்கால் பாதி போச்சுங்க" என்றார் அவர். கோபமாகக் கூடச் சொல்லவில்லை, அதுதான் கஷ்டம்.

அப்பா காசு வாங்காமல் காயில் கட்டிக் கொடுத்தார். கம்பி விலை, இரண்டு நாள் வேலை. அந்த இரண்டு நாளும் மகனிடம் அதிகம் பேசவில்லை. கடைசியில் ஒரு தடவை மட்டும், "ஒன் கம்ப்யூட்டரு அந்தத் தொட்டிய மட்டும்தான் பாத்துச்சுடா தம்பி. வயலப் பாக்கல" என்றார்.

சரி, எங்கே தப்பு? ஸ்பைஸ் பொய் சொல்லவில்லை. தொட்டியில் பம்புக்குச் சுமை குறைவு. வயலில் வால்வை முழுசாகத் திறந்தால் மோட்டார் முழுச் சுமையில் ஓடும். அப்போது 7.5 ஆம்பியர் இழுக்கும், பவர் பேக்டரும் 0.8-க்குப் போய்விடும். அவன் ஸ்பைஸிடம் கேட்டது ஒரு மோட்டாரைப் பற்றிக் கூட இல்லை, ஒரு மோட்டாரின் ஒரு நிமிஷத்தைப் பற்றி.

அப்படியானால் 7.5 ஆம்பியருக்கு மறுபடி கணக்குப் போட்டால் போயிற்று என்று தோன்றும். அவனும் அதைத்தான் செய்தான். 40, 50, 60, 80... எதிலும் மூன்றும் சமமாக வரவில்லை. ஒரு வைண்டிங் ஏறினால் இன்னொன்று இறங்கியது. ராத்திரி ஒரு மணி வரைக்கும் எண்களை மாற்றி மாற்றிப் பார்த்தான். சரியான எண் இன்னும் அகப்படவில்லையா, அப்படி ஓர் எண்ணே இல்லையா? எண்களுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும்வரை இந்த இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

இந்த இடத்தில்தான் இன்னொரு வகை மென்பொருள் வருகிறது. எண்ணைக் கொடுக்காமல் எழுத்தைக் கொடுத்தால் விடையையும் எழுத்திலேயே, அதாவது சூத்திரமாகவே தரும் வகை. குறியீட்டுப் பகுப்பாய்வு என்று புத்தகத்தில் இருக்கும்.

இது ஸ்பைஸைவிட மூத்த குடும்பம். 1847-லேயே கிர்க்காஃப், மின்சுற்றின் விடையைச் சமன்பாடே தீர்க்காமல் படத்தைப் பார்த்தே எழுதலாம் என்று காட்டியிருக்கிறார். சுற்றின் எல்லா முனைகளையும் தொட்டுக்கொண்டு, எங்கும் வளையம் வராமல் போகும் கம்பிக் கூட்டத்துக்கு 'மரம்' என்று பெயர். அப்படிப்பட்ட மரங்களையெல்லாம் தேடிப் பிடித்து எழுதினால் விடை வந்துவிடும். இந்த மரக்கணக்கு நம்மூரிலும் நன்றாக வளர்ந்தது. சென்னை ஐஐடியில் 1965 முதல் 1981 வரை இருந்த கே. துளசிராமன், எம்.என்.எஸ். சுவாமியோடு சேர்ந்து 1981-ல் எழுதிய 'கிராஃப்ஸ், நெட்வொர்க்ஸ் அண்ட் அல்காரிதம்ஸ்' இந்தத் துறையில் உலகம் முழுக்கப் புழங்கிய புத்தகம்.

மரம் தேடும் வேலையைக் கணிப்பொறியிடம் விட்டால் என்ன? 1970 வாக்கிலேயே பர்டியூ பல்கலைக்கழகத்தில் பி.எம். லின்னும் ஆல்டர்சனும் 'ஸ்னாப்' என்று ஒரு நிரல் எழுதிவிட்டார்கள். ஆனால் சீக்கிரமே முட்டிக்கொண்டது. மரங்களின் எண்ணிக்கை அப்படிப் பெருகும். 10 முனைகள், ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றோடும் இணைந்திருக்கிறது என்றால் மரங்கள் 10 கோடி. சூத்திரத்தில் 10 கோடி உறுப்புகள்! அதை அச்சடித்து யார் படிப்பது? ஸ்பைஸ் ஜெயித்ததற்கு இது ஒரு முக்கியமான காரணம். எண் கணக்கில் 10 முனை என்பது வெறும் 10 சமன்பாடு.

பிறகு 1980களின் கடைசியில் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் கீலன், சான்சன் குழு 'ஐசக்' என்ற மென்பொருளைக் கொண்டுவந்தது. பெரிய உறுப்புகளை வைத்துக்கொண்டு, பொடிப்பொடி உறுப்புகளைக் கழித்துக்கட்டிச் சூத்திரத்தை மனிதன் படிக்கிற நீளத்துக்குக் கொண்டுவருவது அதன் வேலை. 1990களின் கடைசியில் ஷி, டான் என்ற இருவர், பொதுவான துண்டுகளை ஒரே தடவை மட்டும் சேமித்து வைக்கும் முடிவுப் படங்களைக் கொண்டுவந்து இன்னும் தூரம் போனார்கள். 741 என்ற பழைய ஆப்-ஆம்ப் சிப்தான் இவர்களுக்கெல்லாம் பரீட்சை. அதை முழுசாகச் சூத்திரமாக்குகிறவன் பயில்வான்.

இத்தாலியில் ஃப்ளாரன்ஸ் பல்கலைக்கழகத்தின் 'சாப்வின்', நியூசிலாந்தில் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் பிறந்த 'எல்கேப்பி' என்று மாணவர்களுக்கு ஏற்றவையும் உண்டு. மும்பை ஐஐடியில் பேராசிரியர் கண்ணன் மௌட்கல்யாவின் குழு உருவாக்கிய 'ஆஸ்கேட்' என்ற இலவச மென்பொருளில் (2013-ல் இதற்குப் புத்தகமே வந்தது, பிறகு 'இ-சிம்' என்று பெயர் மாறியது) சைலேபை வைத்து ஒரு குட்டிப் பகுதி இருந்தது. சின்னச் சுற்றுகளுக்கு எண் விடையோடு சமன்பாடுகளையும் எழுத்தாகக் காட்டும். பாடம் நடத்துவதற்கென்றே சேர்த்தது. காசு கொடுத்து வாங்கும் பெரிய மென்பொருள்களுக்கு இந்த யோசனை வராது. அவை இன்ஜினீயருக்கு விற்பவை, அரியர் வைத்தவனுக்கு இல்லை :)

நம்ம ஆள் இவற்றில் எதையும் தேடிப் போகவில்லை. பிளஸ் டூ முடித்தபோது அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில் 'மேக்சிமா' இருந்தது. யாரோ சீனியர் போட்டுக் கொடுத்தது. இது தனியாக மின்சுற்றுக்கென்று எழுதியது இல்லை, பொதுவான எழுத்துக் கணக்கு மென்பொருள். 1968-ல் எம்ஐடியில் பிறந்த 'மேக்சிமா'வின் தாத்தாவுக்கு 'மேக்சைமா' என்று பெயர். வில்லியம் ஷெல்டர் என்ற கணிதப் பேராசிரியர் 1982-லிருந்து 2001-ல் இறக்கும்வரை அதை ஒற்றை ஆளாகப் பராமரித்து, 1998-ல் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கும்படி உரிமம் வாங்கிக் கொடுத்தார். அவர் புண்ணியத்தில் கடைமடைக்கும் வந்து சேர்ந்தது.

நோட்டில் தமிழில் எழுதிக்கொண்டான். மோட்டாரின் ஒரு வைண்டிங் எவ்வளவு எளிதாக மின்சாரத்தை விடுகிறது என்பதற்கு 'ம'. கண்டென்சர் எவ்வளவு எளிதாக விடுகிறது என்பதற்கு 'க'. மின்சாரம் வரும் ஒயர் இரண்டு. கண்டென்சர் முதல் ஒயருக்கும் மூன்றாவது முனைக்கும் நடுவில். சமன்பாடு இரண்டே இரண்டு. மூன்றாவது முனையில் என்ன மின்னழுத்தம் வரும் என்று மேக்சிமாவிடம் கேட்டான். வந்தது இவ்வளவுதான், இரண்டு ஒயருக்கும் இடையே உள்ள வோல்ட்டேஜில் ஒரு பின்னம்:

(ம + 3க) / (2ம + 3க)

ஒரு வரி. ஒரு வாரமாக எண்களோடு மல்லுக்கட்டியதெல்லாம் இதற்குள் இருந்தது.

முதலில் கண்டென்சரே இல்லை என்று வைத்துப் பார்த்தான். க சுழியானால் ம-வுக்கு 2ம, அதாவது பாதி. மூன்றாவது முனை மற்ற இரண்டுக்கும் சரியாக நடுவில், ஒரே கோட்டில். சுற்றுகிற காந்தப்புலம் கிடையாது, அதனால்தான் கண்டென்சர் இல்லாமல் இரண்டு முனையில் மோட்டாரைப் போட்டால் உறுமிக்கொண்டு நிற்கிறது. சின்ன வயசிலிருந்து கேட்ட உறுமல். அடுத்து, கண்டென்சரை அளவில்லாமல் பெரிசாக்கினான். பின்னம் 1 ஆகிறது. மூன்றாவது முனை முதல் ஒயரோடு ஒட்டிக்கொள்கிறது. அப்போதும் சுற்றாது. ஆகவே வேண்டியது நடுவில் எங்கோ இருக்கிறது, 'பெரிய கண்டென்சர்னா நல்லா இழுக்கும்' என்று ஊரில் சொல்வது ஒரு எல்லை வரைக்கும்தான்.

கிளம்பும்போது மோட்டார் ஓடும்போதைவிடப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும், அதாவது ம பெரியது. ம பெரிதானால் க-வும் அதே அளவுக்குப் பெரிதாகவேண்டும். அப்பா பித்தானோடு கொடுக்கும் அந்த இரண்டாவது கண்டென்சர் எதற்கு என்று அன்றைக்குத்தான் அவனுக்குப் புரிந்தது. அப்பாவுக்கு அது இருபது வருடமாகத் தெரியும்.

கடைசியில் உண்மையான கேள்வி. மூன்று முனையும் சமமாக, சமபக்க முக்கோணம் மாதிரி நிற்க என்ன வேண்டும்? ஒரே சமன்பாடு. ஆனால் கலப்பெண் சமன்பாடு என்பதால் ஒன்று இரண்டாகப் பிரிகிறது. முதல் நிபந்தனை அளவைப் பற்றியது: கண்டென்சரில் போகும் மின்சாரம், மோட்டார் ஒரு ஒயரில் இழுக்கும் மின்சாரத்துக்குச் சமமாக வேண்டும். 415 வோல்ட்டில் 5 ஆம்பியருக்கு 38 மைக்ரோ, 7.5 ஆம்பியருக்கு 58 மைக்ரோ. சரி. இரண்டாவது நிபந்தனை கோணத்தைப் பற்றியது: மோட்டாரின் மின்னோட்டம் மின்னழுத்தத்துக்குச் சரியாக 60 டிகிரி பின்தங்கவேண்டும். அதாவது பவர் பேக்டர் 0.5. இந்த இரண்டாவது நிபந்தனையில் க என்ற எழுத்தே இல்லை!

திருப்புவதற்குக் கையில் ஒரே குமிழ், கேட்பதோ இரண்டு. 0.8 பவர் பேக்டரில் ஓடும் மோட்டாருக்கு அந்த ஒற்றைக் கண்டென்சரை எந்த அளவில் வாங்கி வந்தாலும் மூன்றும் சமமாகாது. ராத்திரி ஒரு மணி வரை அவன் தேடிய எண் இல்லாத எண். தொட்டியில் 38 கச்சிதமாக வந்தது மோட்டார் பாதிச் சுமையில் தற்செயலாக 60 டிகிரியில் நின்றதால்.

(இந்தச் சூத்திரத்துக்கும் ஒரு ஓட்டை உண்டு. சமநிலை கெட்டபிறகு ஓடுகிற மோட்டார் மூன்று ஒரே மாதிரி வைண்டிங்காக நடந்துகொள்ளாது. மின்னழுத்தத்தில் சின்ன ஏற்றத்தாழ்வு வந்தாலே மின்னோட்டத்தில் அதைப்போலப் பல மடங்கு ஏற்றத்தாழ்வு வரும். எவ்வளவு கெடும் என்று இந்த ஒரு வரி சொல்லாது. எப்போது கெடாது என்பதைச் சரியாகச் சொல்லும். காயில் கரிந்த கதைக்கு அது போதும்.)

எண்ணிலேயே இதைக் கண்டுபிடிக்க முடியாதா என்றால், முடியும். நூறு சுமைக்கு நூறு கண்டென்சர் வைத்துப் பத்தாயிரம் தடவை ஓட்டி, படம் வரைந்து உட்கார்ந்து பார்த்தால் தெரியும். ஆனால் பத்தாயிரம் தடவை ஓட்டவேண்டும் என்று ஒருவனுக்குத் தோன்றவேண்டுமே? விடை கச்சிதமாக வந்த பிறகு யாருக்கும் அப்படித் தோன்றாது.

காலையில் அப்பாவிடம் நோட்டைக் காட்டினான். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பின்னத்தைப் பார்த்தார். கலப்பெண் எல்லாம் அவரிடம் சொல்ல முடியாது. "முழுசாத் தெறந்தா எந்தக் கண்டென்சரு போட்டாலும் ஒண்ணுபோல வராதுப்பா. வால்வ பாதி மூடி ஓட்டினாத்தான் வரும்" என்றான்.

"அதத்தாண்டா நான் மூணாவது எச்சரிக்கையா சொல்லுவேன்" என்றார் அப்பா. "நீ கணக்குப் போடுறேன்னு சொன்னதுல அன்னைக்கு அத சொல்லாம விட்டுட்டேன்."

பிறகு பின்னத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கண்டென்சரை ரெண்டாவது ஒயர்ல மாத்திக் குடுத்தா என்னாகும்?" என்று கேட்டார். அவன் போட்டுப் பார்த்தான். முக்கோணம் தலைகீழாகத் திரும்பியது. மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். அப்பா சிரித்தார். அவருக்குத் தெரியும், பம்பு தண்ணி எடுக்காவிட்டால் முதலில் செய்வதே அந்த ஒயரை மாற்றிப் போடுவதுதான். நோட்டுக்குத் தெரிகிறதா என்று பார்த்தார்.

வண்டியில் ஏற்றும்போது மோட்டார்க்காரரிடம் அவனே போய்ச் சொன்னான்: ராத்திரி ஓட்டினால் வால்வு பாதிதான், தண்ணீர் கொஞ்சமாகத்தான் வரும், முழுசாக வேண்டுமானால் மும்முனை வரும் நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் தலையை ஆட்டினார். கேட்டாரா என்று தெரியாது. அந்த மோட்டார் மறுபடி கடைக்கு வரவில்லை.

நவம்பரில் அரியர் பரீட்சை. கேள்வித்தாளில் வழக்கம்போல 4 ஓம், 3 ஓம், 10 வோல்ட். அவன் முதல் பக்கத்தில் எண்களுக்கெல்லாம் எழுத்து வைத்தான். எழுத்திலேயே கடைசிவரை போனான். விடையில் ஒரு மின்தடையைச் சுழியாக்கினால் என்ன, அளவில்லாமல் பெரிசாக்கினால் என்ன என்று ஓரத்தில் சரிபார்த்துவிட்டு, கடைசி வரியில் மட்டும் எண்களைப் போட்டான். நேரம் பற்றாமல் ஒரு பத்து மதிப்பெண் கேள்வியைத் தொடவே இல்லை. 58 வாங்கினான்.

கடைச் சுவரில், ஸ்லாட் கணக்குக்குக் கீழே, அப்பாவின் கையெழுத்தில் பென்சிலால் அந்தப் பின்னம் இருக்கிறது. பக்கத்தில் 'வால்வு பாதி' என்று எழுதியிருக்கிறது.